உடல் நலமும் உள்ள நலமும்

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கேடுகளைப் பார்வையிடுவோருக்கு ஓர் உண்மை விரைவில் புலப்படும். அங்கத்தினர் வாங்கிய கடனுக்கு ஏட்டில் இடமுண்டு. செலுத்திய தவணைக்கு இடமுண்டு. பெற்றுச் சென்ற நூலுக்கும், நெய்து கொடுத்த துணிக்கும் இடமுண்டு. ஆனால் அவர் எத்தனை இரவு உறக்கமின்றிப் புரண்டார் என்பதற்கும், எத்தனை நாள் முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டு தறியில் அமர்ந்தார் என்பதற்கும் எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. எனினும், ‘தவணை கடந்த பாக்கி’ என்ற தலைப்பின்கீழ் வரிசையாக நிற்கும் பெயர்களைப் பற்றி விசாரிக்கப் புகுந்தால், அவற்றில் பலவற்றின் பின்னால் ஒரு நோயோ, ஒரு பெருங்கவலையோ, அல்லது இரண்டுமோ மறைந்திருப்பதைக் காணலாம்.

நோய் வந்ததால் கவலை வந்ததா, கவலை வந்ததால் நோய் வந்ததா என்று கேட்டால் அந்தக் குடும்பத்தாராலேயே விடை கூற முடிவதில்லை. இரண்டும் பாவும் ஊடையும்போல ஒன்றினுள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. உடலுக்கும் உள்ளத்துக்கும் உள்ள இந்தப் பிணைப்பு என்ன, அது எவ்வாறு செயற்படுகிறது, சங்க அங்கத்தினரும் நிர்வாகக் குழுவினரும் அதை அறிந்திருப்பதால் என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பழமொழியும் மருத்துவ நூலும்

‘மனக் கவலை பலக் குறைவு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. கவலை மனத்தில் இருக்க, குறைவு உடலின் பலத்தில் காணப்படுகிறது என்பதை நம் பாட்டிமார் நான்கு சொற்களில் அடக்கிவிட்டார்கள். 1948ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்பு விதிகளும், நலம் என்பது நோய் இல்லாதிருப்பது மட்டுமன்று. உடல், உள்ளம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் செம்மையாக இருப்பதே நலம் என்று வரையறுத்தன. உடலையும் உள்ளத்தையும் மட்டும் கூறாமல், அக்கம்பக்கத்தாரோடு கூடி வாழும் வாழ்வையும் அதில் சேர்த்திருப்பது கூட்டுறவாளராகிய நாம் கவனிக்கத்தக்கது.

இவ்வளவு தெளிவாக இருந்தும், நம்மிடையே ஒரு பழைய வேற்றுமை நீங்கவில்லை. காய்ச்சல் வந்தால் வெளியில் சொல்கிறோம். மனம் சோர்ந்தால் மறைக்கிறோம். காலில் கட்டுப் போட்டவரைக் கண்டால் “எப்படி இருக்கிறீர்கள், அண்ணா?” என்று விசாரிக்கிறோம், பேச்சுக் குறைந்து, மூலையில் முடங்கிக் கிடப்பவரைக் கண்டால் “சோம்பேறி” என்றோ, “திமிர்” என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். இந்த வேற்றுமை எவ்வளவு ஆதாரமற்றது என்பதை இனிக் காண்போம்.

கவலை உடலில் செய்யும் வேலை

வயல் வரப்பில் நடந்து செல்லும்போது காலடியில் பாம்பு ஒன்று நெளிவதாக வைத்துக்கொள்வோம். நாம் சிந்திப்பதற்கு முன்பே இதயம் படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் இறுகுகின்றன, கால் தானே பின்வாங்குகிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள், தம்மிடமுள்ள நீரை இரத்தத்தில் கலப்பதால் நிகழும் மாறுதல் இது. ஆபத்தை எதிர்த்துப் போரிடவோ அல்லது தப்பி ஓடவோ உடல் இவ்வாறு ஆயத்தமாகிறது என்பதை வால்டர் கேனன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். பாம்பு புதருக்குள் மறைந்ததும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதனால் தீங்கில்லை, உண்மையில் உயிர் காப்பதே இதுதான்.

ஆனால் எல்லாப் பாம்பும் புதருக்குள் போய்விடுவதில்லை. கட்ட வேண்டிய வட்டி, மகளின் திருமணம், தண்ணீர் வற்றிய கிணறு, தேங்கிக் கிடக்கும் துணி ஆகியவை காலையில் எழும்போதும் இருக்கின்றன. இரவில் படுக்கும்போதும் இருக்கின்றன. உடலுக்கோ இரண்டிற்கும் வேற்றுமை தெரியாது. பாம்பைக் கண்டபோது செய்த ஆயத்தத்தையே அது நாள்தோறும், மாதக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறது. கார்ட்டிசால் என்னும் சுரப்பு நீர் ஓயாமல் மிகுமானால் உறக்கம் கெடுகிறது. இரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் ஏறுகின்றன. நோயை எதிர்க்கும் சக்தி தளர்கிறது. ஓயாத நெருக்கடி உடலைத் தேய்த்துவிடும் என்பதை ஹான்ஸ் செலீ என்னும் விஞ்ஞானி 1936ஆம் ஆண்டிலேயே விலங்குகளிடம் நடத்திய சோதனைகளால் எடுத்துக்காட்டினார்.

இது வெறும் ஊகமன்று என்பதற்கு இரண்டு சான்றுகள் கூறுவோம். இங்கிலாந்தில் சால்ஸ்பரி என்னும் ஊரில், நலமாக இருந்த 394 பேரின் மூக்கில் ஜலதோஷக் கிருமிகள் அடங்கிய துளிகளை இட்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அவர்களுடைய மனநெருக்கடியின் அளவை முன்கூட்டியே கேட்டறிந்து குறித்திருந்தார்கள். கிருமி எல்லாருக்கும் இடப்பட்டது. ஆயினும் மனநெருக்கடி மிகுந்திருந்தவர்களே மிகுதியாக நோயுற்றார்கள். இதன் முடிவு 1991ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

மற்றொன்று 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியானது. நினைவிழப்பு நோயுற்ற உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்து வந்த 13 பெண்களின் கையிலும், அத்தகைய பொறுப்பு இல்லாத, வயதில் ஒத்த 13 பெண்களின் கையிலும் ஒரே அளவில், மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில், சிறு காயம் செய்து அது ஆறும் காலத்தைக் கணக்கிட்டார்கள். பராமரிப்புப் பொறுப்பும் அதன் கவலையும் சுமந்த பெண்களுக்குக் காயம் ஆற ஏறக்குறைய ஒன்பது நாள் அதிகம் பிடித்தது. படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ மாமனாரையோ பார்த்துக்கொண்டே தார் சுற்றும் பெண்மணிகள் நம் நெசவாளர் தெருக்களில் எத்தனை பேர்! அவர்கள் “என் உடம்பு என்னவோ தேறவே மாட்டேன் என்கிறது” என்று கூறும்போது, அது வெறும் புலம்பல் அன்று என்பதை இந்த ஆராய்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

நோய் உள்ளத்தைத் தாக்கும் வகை

உள்ளத்தின் கேடு உடலில் இறங்குவதுபோலவே, உடலின் கேடும் உள்ளத்தில் ஏறுகிறது. இந்த இரண்டாவது வழியைத்தான் நாம் அதிகமாக மறந்துவிடுகிறோம்.

கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிடில், எதிலும் நாட்டமின்மை, மறதி, அசதி, அழுகை ஆகியவை தோன்றும். இரத்த சோகை உற்ற பெண்ணுக்கு, தறியில் அமர்ந்த சிறிது நேரத்திலேயே களைப்பு மேலிடும். சிறு சொல்லுக்கும் எரிச்சல் வரும். பி-12 என்னும் வைட்டமின் குறைந்தால் கை கால் மரத்துப்போவதோடு நினைவும் மனநிலையும் தடுமாறும். இவை மூன்றும் இரத்தப் பரிசோதனையால் கண்டறியக்கூடியவை; சிகிச்சையால் சீராக்கக்கூடியவை. இவற்றை அறியாமல், ‘காற்றுக் கருப்பு’ என்று கயிறு கட்டுவதிலும், ‘வேலைக்குக் கள்ளம்’ என்று ஏசுவதிலும் காலம் கழிப்பது பெருந்தவறு.

நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். மனம் சோர்ந்தவர் மாத்திரையை மறக்கிறார்; பத்தியத்தைக் கைவிடுகிறார்; நடப்பதை நிறுத்துகிறார். அதனால் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை ஏற ஏற மனம் மேலும் சோர்கிறது. எந்த முனையில் பிடித்து இழுத்தாலும் சிக்கல் இறுகுமே அன்றி அவிழாது. இரண்டு முனைகளையும் ஒருங்கே பிடித்தால்தான் அவிழும்.

நெசவாளரின் தொழிலில் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை எடுத்துக்கொள்வோம். குழித்தறியில் அமர்பவர் முதுகை முன்னே வளைத்து, கால்களைக் குழியில் இறக்கி, மிதிபலகையை மாறி மாறி மிதித்தவாறு, கண்களை இழையில் பதித்து, நாளெல்லாம் இருக்கிறார். இடுப்பு, கழுத்து, முழங்கால் ஆகிய மூன்றும் ஆண்டுக்காண்டு தேய்கின்றன. நாட்பட்ட வலி என்பது உடலின் ஓரிடத்தில் மட்டும் நிற்பதன்று. அது இரவின் உறக்கத்தைத் திருடுகிறது. உறக்கம் இழந்த மனம் வலியை மேலும் பெரிதாக உணர்கிறது. நாற்பது வயதைக் கடந்தவருக்குக் கிட்டப் பார்வை மங்குவதும் இயல்பு. அறுந்த இழையைக் கண்டுபிடிக்க முடியாமல் துணியில் குறை விழுகிறது. கூலியில் பிடித்தம் வருகிறது. “இனி என்னால் ஆகாது” என்ற எண்ணம் குடிபுகுகிறது. ஒரு மூக்குக் கண்ணாடியால் தீரக்கூடிய குறையை, தொழிலே முடிந்துவிட்டதாக எண்ணி வருந்துவோர் உளர். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறி, கஞ்சி போட்ட பாவு காயாமல், தறி நிற்கும் வாரங்களில் இந்த எண்ணம் இன்னும் வலுப்பெறுகிறது.

விவசாயிகளுக்கு வேறொரு வகை ஆபத்து உண்டு. பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை, நரம்புகளுக்கிடையே செய்தி சென்று முடிந்தபின் அதைத் துடைத்து அடுத்த செய்திக்கு இடம் செய்யும் ஒரு நொதியை முடக்கிவிடுகின்றன. பூச்சி மாய்வதும் இதனால்தான்; தெளிப்பவர் துன்புறுவதும் இதனால்தான். தலைவலி, வியர்வை, கை நடுக்கம் ஆகியவற்றோடு, அமைதியின்மை, எரிச்சல், உறக்கக் கேடு ஆகியவையும் அந்த நஞ்சின் வேலையாக இருக்கலாம். தெளித்த நாளின் மாலையில் வீட்டில் காரணமின்றிச் சினங்கொள்பவரைக் கண்டால், அன்று அவர் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு தெளித்தாரா, உடனே குளித்து உடை மாற்றினாரா என்றும் கேட்பது அறிவுடைமை.

கரும்பு விவசாயிகளிடம் கண்டது

கடன் கவலை மனத்தை எந்த அளவுக்கு ஆட்கொள்கிறது என்பதை அறிய, நம் தமிழகத்திலேயே ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள் அதில் பங்குகொண்டனர். அதன் முடிவு 2013ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ என்னும் ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று.

கரும்பு விவசாயிக்கு வருமானம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டுக்குப் பின்னரே கைக்கு வரும். ஆகவே வெட்டுக்கு முந்திய மாதங்களில் நகையை அடகு வைத்தும், கைமாற்று வாங்கியும் காலந்தள்ள வேண்டியிருக்கிறது. பணம் வந்த பின்னர் நிம்மதி. ஆராய்ச்சியாளர் ஒரே விவசாயியை வெட்டுக்கு முன்னும் பின்னும் சந்தித்து, படங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் புதிர்களையும், கவனத்தைச் சோதிக்கும் எண் பயிற்சிகளையும் கொடுத்தார்கள். அதே மனிதர், அதே அறிவு. ஆயினும் பண நெருக்கடி மிகுந்த நாட்களில் அவர் மிகுதியாகப் பிழை செய்தார். விடை கூற அதிக நேரமும் எடுத்துக்கொண்டார். உணவுக் குறைவாலோ, உடல் உழைப்பாலோ மட்டும் இந்த வேற்றுமையை விளக்க முடியவில்லை என்றும், பணத்தைப் பற்றிய ஓயாத நினைவே மனத்தின் இடத்தை நிரப்பிவிடுகிறது என்றும் அவர்கள் கருதினார்கள்.

அறிவுத் துறையில் ஒரே ஆராய்ச்சியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுவது முறையன்று. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் இத்தகைய வேற்றுமை காணப்படவில்லை. ஆனால் மாதத்தில் ஓரிருமுறை வரும் சம்பளமும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் கரும்புப் பணமும் ஒன்றாகா. காத்திருக்கும் காலம் நீள நீள நெருக்கமும் மிகும் என்பதை நம் அங்கத்தினர் எவரும் மறுக்கமாட்டார்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. நெருக்கடியிலிருப்பவர் பத்திரத்தைப் படியாமல் கையெழுத்திடுவதையும், கெடு நாளை மறந்துவிடுவதையும், அதிக வட்டிக்குத் தனியாரிடம் ஓடுவதையும் கண்டு, “விவரம் தெரியாதவர்” என்று நாம் எண்ணுவது உண்டு. அவருக்கு விவரம் தெரியும். அந்த நேரத்தில் அவ்விவரத்துக்கு மனத்தில் இடமில்லை. எனவே, உரிய பருவத்தில் கிடைக்கும் பயிர்க்கடனும், நெய்த துணியை ஒப்படைத்ததும் தாமதமின்றிக் கிடைக்கும் கூலியும் வெறும் பணப் பட்டுவாடா அல்ல. அவை உறக்கத்தையும் தெளிவையும் தருவன. ஒருவகையில் மருந்துக்கு ஒப்பாவன.

சுழலும் அதிலிருந்து மீளும் வழியும்

ஒரு நெசவாளரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு இடுப்பு வலி வருகிறது. வாரத்தில் ஆறு நாள் நெய்தவர் நான்கு நாள் நெய்கிறார். கூலி குறைகிறது, தவணை தவறுகிறது. சங்கத்துக்கு வந்தால் காரியதரிசி கேட்பாரே என்று வெட்கப்பட்டு, சங்கப் பக்கம் வருவதை நிறுத்துகிறார். வராததால் நூல் பெறுவதும் தடைப்படுகிறது. இரவில் உறக்கமில்லை; உறங்குவதற்கென்று குடிக்கத் தொடங்குகிறார். மது அப்போதைக்கு மயக்கத்தைத் தருமேயன்றி, நடு இரவில் விழிப்பையும் மறுநாள் மேலும் கனத்த சோர்வையும் கொடுக்கும். ஆறு மாதத்தில், உழைப்பாளி என்று பெயரெடுத்தவர் ‘வேண்டுமென்றே கட்டாதவர்’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். இவர் தொலைத்தது ஒரு தவணையை மட்டுமா? உடல், உள்ளம், தொழில், மரியாதை ஆகிய நான்கையும் ஒருங்கே இழந்து நிற்கிறார்.

இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் சங்கம் குறுக்கிட்டிருக்கலாம்? முதல் தவணை தவறிய அன்று. நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் நிர்வாகக் குழுவினரில் ஒருவர் வீட்டுக்குச் சென்று, “என்ன மாமா, இரண்டு வாரமாகத் தறி ஓசை கேட்கவில்லையே, உடம்புக்கு ஏதாவது?” என்று கேட்டிருந்தால் போதும். பணத்தைப் பற்றிய பேச்சுக்கு முன்னால் உடம்பைப் பற்றிய பேச்சு வர வேண்டும்.

கடனை வசூலிக்காமல் விட்டுவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. சங்கத்தின் பணம் மற்ற அங்கத்தினரின் பணம். அதைத் திரும்பப் பெறுவது கடமை. ஆனால் வசூலிக்கும் முறையில் வேற்றுமை உண்டு. உரிய நாளில் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியில்லை என்பதை முன்கூட்டியே நினைவூட்டுவது ஒரு முறை. கெடு கடந்தபின் கூட்டத்தில் பெயரைப் படிப்பது மற்றொரு முறை. முன்னது பணத்தையும் மனிதரையும் காக்கும். பின்னது பல சமயம் இரண்டையும் இழக்கச் செய்யும். இயற்கைச் சேதத்தால் பயிர் அழிந்தால் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றியமைக்கும் வழி நெடுங்காலமாக இருந்து வருகிறது. வெள்ளமும் வறட்சியும் வயலை அழிப்பதுபோல் நோய் உழைப்பை அழிக்கிறது என்பதை உணர்ந்து, சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் எல்லைக்குள் பரிவு காட்டுவது கூட்டுறவுக்கு இழுக்காகாது.

பூச்சி மருந்தை எங்கே வைப்பது?

சொல்லத் தயங்கும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். துன்பம் எல்லை மீறும் நேரத்தில் சிலருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுகிறது. அந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து அடங்குவது. அது உச்சத்தில் இருக்கும் அந்தச் சிறு பொழுதில் நஞ்சு கைக்கெட்டும் இடத்தில் இல்லாவிட்டால், உயிர் தப்பும். பின்னர் உதவியும் சேரும்.

சென்னையில் 1986ஆம் ஆண்டில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘ஸ்நேகா’ என்னும் அமைப்பைச் சார்ந்தவர்கள், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் ஒரு முயற்சி செய்தார்கள். இரண்டு கிராமங்களில் பூச்சி மருந்துகளை வீட்டில் வைக்காமல், பொதுவான ஒரு கட்டடத்தில், பூட்டிய பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. கிராமத்தார் இதை ஏற்றுக்கொண்டார்கள்; நடைமுறைக்கு ஒத்த முறையே என்பது 2013ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையால் தெரிய வந்தது. இலங்கையிலோ, வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பல கிராமங்களில் பெரிய அளவில் சோதித்தார்கள். அதனால் உயிரிழப்பு முயற்சிகள் குறையவில்லை என்பது 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பெட்டியும் வீட்டில், சாவியும் வீட்டில் என்றால் பயன் என்ன? வீட்டைவிட்டு வெளியே, பொதுப் பொறுப்பில் இருக்கும்படி செய்வதே கருத்தில் கொள்ளத்தக்கது. உரக்கிடங்கும் காவலும் உடைய தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள், உரிய அதிகாரிகளைக் கலந்து, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு இதைச் சிந்திக்கலாம் அன்றோ? எப்படியாயினும், மீந்த மருந்தை அடுக்களைப் பரணில் செருகி வைக்கும் வழக்கத்தை இன்றே கைவிட வேண்டும்.

உதவி அருகிலேயே உள்ளது

மன நோய்க்குச் சிகிச்சை என்றவுடன் கீழ்ப்பாக்கத்தை மட்டும் நினைக்கும் காலம் கடந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டம் 1996ஆம் ஆண்டில் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது, அவற்றுள் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்றாக இருந்தது. பின்னர் அத்திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் தமிழக அரசின் திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது; இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு வீடு தேடிச் சென்று மருந்து கொடுப்பதும், நடமாட இயலாதவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சை அளிப்பதும் அதன் பணிகள். வீட்டுக்கு வரும் அந்தச் சுகாதாரப் பணியாளரிடம் உடலைப் பற்றிக் கூறும்போதே, உறக்கமின்மையையும் மனச்சோர்வையும் சேர்த்துக் கூறலாம்.

வெளியே செல்லக் கூசுவோர் தொலைபேசியிலேயே பேசலாம். 14416 என்ற எண்ணில் இயங்கும் ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவிச் சேவை 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்டது. பகலிலும் இரவிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழகத்தின் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணும் உண்டு. இவ்விரு எண்களையும் ஒவ்வொரு சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்கு ஒரு சுண்ணக்கட்டியைத் தவிர வேறு செலவில்லை.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்கு வழங்குவதுபோலவே மன நோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு விதித்துள்ளது. உடலும் உள்ளமும் வேறல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டபின், நாம் ஒப்புக்கொள்ளத் தயங்குவானேன்?

சிகிச்சை என்றால் மருந்து மட்டும் என்று எண்ண வேண்டா. கோவாவில் மனச்சோர்வு மிகுந்தவர்களிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், ஆறு முதல் எட்டு சந்திப்புகளில் அவர்களோடு உரையாடி, விட்டுவிட்ட நல்ல பழக்கங்களையும் வேலைகளையும் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கத் துணை நின்றார்கள். வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்பது 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அருகிலிருக்கும் ஒருவர் பயிற்சி பெற்று, பொறுமையோடு துணை நிற்பதில் எத்துணை வலிமை இருக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

நாம் செய்யத்தக்கவை

இனி, அன்றாட வாழ்வில் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் குறிப்போம்.

தறியில் அமர்பவர் மணிக்கு ஒருமுறையாவது எழுந்து, நிமிர்ந்து நின்று, நாலடி நடக்க வேண்டும். நேரம் வீணாகிறதே என்று எண்ண வேண்டா; மாலையில் கை தளர்ந்து இழக்கும் நேரத்தைவிட இது குறைவு. உட்காரும் பலகையில் மெத்தென்ற துணி விரித்து, தறியின்மேல் நல்ல வெளிச்சம் விழும்படி செய்ய வேண்டும். நாற்பதைக் கடந்தவர்கள் கண்ணையும், இரத்த அழுத்தத்தையும், சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்வது நலம்.

பூச்சி மருந்து தெளிப்பவர் காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று தெளிக்கலாகாது. கையுறையும் முகக் கவசமும் அணிய வேண்டும். தெளித்த கையோடு வெற்றிலை போடுவதும், பீடி பற்றவைப்பதும், உணவு உண்பதும் கூடா.

உறக்கம் என்பது சோம்பலன்று. உடலும் உள்ளமும் சேர்ந்து பழுது பார்த்துக்கொள்ளும் நேரம் அது. படுக்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருப்பது நன்று. உறங்குவதற்கென்று மதுவை நாடுவது, தீயை அணைக்க எண்ணெய் வார்ப்பதை ஒக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் ஆகியவை நீடிக்குமானால், மருத்துவரைக் காண்பதில் தாமதம் கூடாது. அத்தகைய எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், அதைக் கேட்பவர் நகைக்கவோ, அறிவுரைகளை அடுக்கவோ வேண்டா. அருகில் அமர்ந்து செவி கொடுப்பதும், தனியே விடாதிருப்பதும், உடன் சென்று மருத்துவரிடம் சேர்ப்பதுமே அப்போது செய்யத்தக்கவை.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். கூலி வழங்கும் நாளையும் கடன் வழங்கும் நாளையும் முன்னரே அறிவித்து, அந்த நாளைத் தவறவிடாதீர்கள். எப்போது வரும் என்று தெரிந்த பணம், கைக்கு வருமுன்பே பாதிக் கவலையைக் குறைத்துவிடும். காப்பீட்டு அட்டையும், நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் உரிமையும் உள்ள அங்கத்தினர் எவர், இல்லாதவர் எவர் என்று ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். நோய் வந்தபின் விண்ணப்பம் தேடி அலைவதே ஒரு நோயாகிவிடக்கூடாது.

திருக்குறளில் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. நோயாளி, மருத்துவன், மருந்து என்ற மூன்றோடு, அருகிருந்து உதவுபவனையும் நான்காவதாகச் சேர்த்து, இந்நான்கும் கூடியதே மருத்துவம் என்று அந்நூல் வகுத்திருக்கிறது. முதல் மூன்றையும் குடும்பமும் அரசாங்கமும் மருத்துவமனையும் பார்த்துக்கொள்ளலாம். நான்காவது இடம் பல வீடுகளில் காலியாகவே இருக்கிறது. ஒருவர் சுமையைப் பலர் தாங்குவதற்கென்றே தோன்றிய கூட்டுறவு இயக்கம், அந்த இடத்தில் போய் அமர்வதற்கு எவருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பாக்கிப் பட்டியல் வாசிக்கப்படும்போது, ஒவ்வொரு பெயருக்கும் நேரே “இவரை யார் போய்ப் பார்த்தீர்கள்?” என்ற கேள்வியும் எழட்டும்.